கூண்டின் பின்கதவு

மிருகக்காட்சிச்சாலையிலுள்ள ஒவ்வொரு கூண்டுக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. முன்பக்கம் நமக்குரியது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டும், கச்சான் கொறித்துக்கொண்டும், கம்பிக்கு இப்பால் நின்று நாம் வேடிக்கை பார்க்கும் பக்கம் அது. பின்பக்கத்திலே ஒரு சிறு கதவு இருக்கும். அதனை நாம் பார்ப்பதில்லை, பார்க்கவேண்டுமென்று எண்ணுவதுமில்லை. ஆயினும், நாள்தோறும் அக்கதவைத் திறந்து உள்ளே செல்லும் காப்பாளரின் கையிலேதான் உள்ளேயிருக்கும் உயிரின் நன்மையும் தீமையும் அடங்கிக் கிடக்கின்றன. அந்தப் பின்கதவைப் பற்றியே ஈண்டுச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

காட்டு விலங்கைக் கூண்டில் அடைத்துவைத்தல் தகுமா என்று கேட்போர் இன்று பலர். நல்ல கேள்வியே. நமது பொழுதுபோக்குக்காக மாத்திரம் ஓர் உயிரைச் சிறைவைக்க நமக்கு உரிமை இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கேள்வி அவ்வளவில் முடிந்துவிடுவதில்லை. தாயைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலிகொடுத்துவிட்டு வயலோரத்தில் தனித்து நிற்கும் யானைக்கன்றை என்ன செய்வது? உலகத்தில் எஞ்சியிருப்பவை ஒன்பதோ பத்தோ என்று எண்ணத்தக்க நிலைக்கு வந்துவிட்ட ஓர் இனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கூண்டுகளையெல்லாம் உடைத்துவிட்டால் இவற்றுக்கு விடை கிடைத்துவிடாது. ஆகவே, கூண்டு இருக்கலாமா என்று கேட்பதோடு, அதன் பின்கதவு எப்படித் திறக்கப்படுகிறது, எதனை நோக்கித் திறக்கப்படுகிறது என்றும் நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

வாணிகத்தில் பிறந்த தோட்டம்

விலங்குகளைப் பிடித்து விற்பது நமது நாட்டுக்குப் புதிய தொழிலன்று. வன்னிக் காடுகளில் அகப்பட்ட யானைகள் கடனீரேரியைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டினுள் கொண்டுவரப்பட்ட வழியே ஆனையிறவு எனப் பெயர் பெற்றது என்பர். ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைத்துறை என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். வன்னிபங்கள் போர்த்துக்கேயருக்கும் அவருக்குப் பின் ஒல்லாந்தருக்கும் யானைகளையே திறையாகக் கட்டினர். நம் ஊர்ப் பெயர்களிலேயே இந்த வாணிகத்தின் சுவடு பதிந்து கிடக்கிறது.

தெகிவளையிலுள்ள விலங்கியற் பூங்காவும் வாணிகத்திலேதான் பிறந்தது. ஜெர்மனி தேசத்து ஹம்பேர்க் நகரில் விலங்கு வாணிகத்தாற் புகழ்பெற்ற கார்ல் ஹாகன்பெக் என்பவரின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக். இலங்கையில் வாழ்ந்த அவர், ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றுமுன் தாம் சேகரித்த விலங்குகளைத் தங்கவைப்பதற்கென்று தெகிவளையிலே ஓரிடம் அமைத்தார். அந்த முயற்சி பணமுடையால் நொடித்துப்போகவே, 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. ஹாகன்பெக் குடும்பத்தின் பெயரை விலங்கியற் பூங்காக்களின் வரலாற்றிலிருந்து நீக்கிவிட முடியாது. கம்பிகளை அகற்றிவிட்டு, பார்ப்போருக்கும் விலங்குக்குமிடையே அகழியை அமைக்கும் முறையை 1907இல் ஹம்பேர்க்கின் அருகே கார்ல் ஹாகன்பெக் பெரிய அளவிற் செய்துகாட்டினார். அதே மனிதர்தாம் 1880களில் நமது தீவின் யானைகளோடு நமது தீவின் மனிதர்களையும் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களிற் காட்சிக்கு வைத்தார். பார்க்கும் ஆசை எல்லை கடந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய தோற்றுவாயிலிருந்து ஒரு பூங்கா உயிர்காக்கும் இடமாக மாறவேண்டுமாயின், அந்த மாற்றம் சட்டப் புத்தகத்தில் மாத்திரம் நிகழ்ந்தாற் போதாது. விடியற்காலை வேலையிலே நிகழவேண்டும்.

வாய் பேசாத நோயாளிகள்

விலங்குப் பராமரிப்பிலே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டு ஓய்வுபெற்ற மலைநாட்டுப் பெரியவர் ஒருவரோடு பல மாலைப்பொழுதுகள் உரையாடும் பேறு எனக்குக் கிடைத்தது. அவர் அதிகம் படித்தவரல்லர். ஆனால் அவர் சொன்னவற்றைப் பின்னர் நூல்களிற் பார்த்தபோது, அறிஞர்கள் நீட்டி எழுதியதை அவர் சுருங்கச் சொல்லியிருந்தார் என்றே எனக்குப் பட்டது.

“வேலைக்குப் போனதும் முதல்ல மிருகத்தைப் பார்ப்பீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்ல தம்பி. முதல்ல மிச்சம் வச்ச தீனியப் பாப்பேன். பொறகு சாணியப் பாப்பேன். அப்புறந்தான் மிருகத்தோட மூஞ்சியப் பாப்பேன். மூஞ்சி பொய் சொல்லும், சாணி பொய் சொல்லாது” என்றார்.

இது வேடிக்கைப் பேச்சன்று. காட்டிலே நோயுற்றதாகத் தோன்றும் விலங்கே வேட்டை மிருகத்தின் கண்ணில் முதலிற் படுகிறது. ஆதலால் தன் வருத்தத்தை மறைத்துக்கொள்வது விலங்கின் இயற்கையாகிவிட்டது. கூண்டிலே பகைவர் இல்லையென்று அதற்குத் தெரியாது. வெளிப்படையாக அது சோர்ந்து விழும்போது நோய் முற்றியிருக்கும். வைத்தியர் வருவது அழைத்தபின்; அழைக்கவேண்டுமென்று அறிவது காப்பாளரின் கண். நேற்று முழுவதையும் தின்ற குரங்கு இன்று வாழைப்பழத்தில் பாதியை வைத்துவிட்டதா, மான் ஒரு காலைச் சற்றே மெதுவாக ஊன்றுகிறதா என்பவற்றை, அதே விலங்கை ஆயிரம் காலைகளிற் பார்த்தவர் மாத்திரமே கண்டுகொள்ள முடியும்.

யானையை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த யானையொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தீனி வேண்டும். கித்துள், பலாக்குழை, தென்னோலை ஆகியவற்றை வெட்டிச் சுமந்து வந்து போட்டால், அதிற் பாதிக்குமேல் செரியாமலே வெளியேறிவிடும். அதனையும் வாரிக்கொட்டவேண்டும். குளிப்பாட்டித் தேய்க்கவேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது பாதம். காட்டிலே மைல்கணக்காக நடக்கும் யானைக்கு நகமும் அடித்தோலும் தாமே தேய்ந்து ஒழுங்காகிவிடும். நின்ற இடத்திலேயே நிற்கும் யானைக்கு நகம் வளர்ந்து வெடிக்கும். வெடிப்பிற் சீழ் கட்டும். மலைபோன்ற உடலைத் தாங்கும் பாதம் கெட்டுவிட்டால் அந்த யானைக்கு வாழ்வில்லை. ஆகையால் பாகன் அன்றாடம் நான்கு பாதங்களையும் தூக்கச் செய்து, கழுவி, பார்த்து, வேண்டிய இடத்தில் அராவிவிடுகிறான். பார்வையாளர் வருமுன் நடந்துவிடும் இந்த வேலையிலே அந்த யானையின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

நம்மூரார் புலியென்று சொல்லும் சிறுத்தைக்கு வெறும் இறைச்சியை அறுத்துப் போட்டு வளர்த்தால் அதன் எலும்பு வலுவிழந்துவிடும். காட்டிலே அது எலும்பையும் ஈரலையும் சேர்த்துத் தின்பது. சுத்த இறைச்சியிலே சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. காட்டில் அது ஒவ்வொரு நாளும் இரை பெறுவதுமில்லை. அதனாலேயே பல பூங்காக்களில் ஊனுண்ணிகளுக்கு வாரத்தில் ஒருநாள் உபவாசம் விதித்திருக்கிறார்கள். பூநாரைக்கு அதன் செந்நிறம் உணவிலிருந்து வருவது. அதற்குரிய சத்தில்லாத தீனியைப் போட்டால் சில காலத்தில் வெளுத்துப்போகும். பசிக்கு எதையேனும் போட்டாற் போதுமென்று நினைப்பவர் இத்தொழிலுக்கு ஆகார்.

வயிறு நிறைந்தாலும் போதாது என்பது இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மனிதன் காலந்தாழ்த்திக் கற்ற பாடம். சுவிற்சர்லாந்து நாட்டின் ஹைனி ஹெடிகர் என்னும் அறிஞர், பேர்ண், பாசல், சூரிச் ஆகிய நகரங்களின் விலங்கியற் பூங்காக்களை அடுத்தடுத்து நடத்தியவர். 1942இல் வெளிவந்த தமது நூலிலே, கூண்டின் பரப்பைக் காட்டிலும் அதன் தன்மை முக்கியம் என்று அவர் நிறுவினார். மறைந்துகொள்ள ஓரிடம், உயர ஏற ஒரு கிளை, மோப்பம் பிடிக்க ஒரு மூலை, தேடிக் கண்டடைய ஒரு பொருள் ஆகியவை இல்லாத அகன்ற மைதானமும் விலங்குக்குச் சிறைதான். ஓயாமல் ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கும் சிறுத்தையையும், நின்ற இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டேயிருக்கும் யானையையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆடுகிறது என்று பிள்ளைக்குக் காட்டி மகிழ்ந்துமிருக்கிறோம். அது ஆட்டமன்று, செய்வதற்கு ஒன்றுமில்லாத மனத்தின் நோய்.

வன்னியில் வளர்ந்தோர் பாலைப்பழக் காலத்தை மறக்கமாட்டார்கள். கரடியும் அதனை மறப்பதில்லை. யாலையிலும் வில்பத்திலும் பாலை பழுக்கும் நாட்களிற் கரடிகள் மரமேறி உண்பதைக் காணலாம். மற்ற நாட்களிற் கறையான் புற்றைப் பிளந்து, மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லாத வாய்வழியே காற்றை இழுத்து உறிஞ்சுவது அதன் வழக்கம். அத்தகைய பிராணிக்குத் தட்டிலே கஞ்சியை வைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எஞ்சிய பகல் முழுவதும் வெறுமை. “நான் தேனை மரக்கட்டையில துளை போட்டு ஒளிச்சு வப்பேன். தேடட்டும் தம்பி. தேடுறதுதான் அதுக்குச் சந்தோசம், தேன் சும்மா சாட்டு” என்றார் பெரியவர்.

பூட்டியிருந்த ஒரு கதவு

இவையெல்லாம் சின்னஞ்சிறு காரியங்கள், இனங்களைக் காப்பதென்னும் பெரிய காரியத்துக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். அவர்களுக்கு ஹோபார்ட் நகரத்துக் கதையைச் சொல்வேன்.

அவுஸ்திரேலியாவின் தெற்கே தஸ்மேனியாத் தீவில் தைலசீன் என்றொரு விலங்கு வாழ்ந்தது. நாயின் உருவம், முதுகிலே வரிகள், கங்காருவைப்போல் வயிற்றிலே பை. ஆட்டைக் கொல்லுகிறது என்று குற்றஞ்சாட்டி, தலைக்கு விலை வைத்து அதனைக் கொன்றார்கள். 1936 யூலை 10ஆம் நாள் அரசாங்கம் அதற்கு முழுப் பாதுகாப்பு வழங்கியது. அதிலிருந்து ஐம்பத்தொன்பதாவது நாள், செப்ரெம்பர் 7ஆம் நாள், ஹோபார்ட் விலங்கியற் பூங்காவிலிருந்த தைலசீன் இறந்தது. அதற்குப் பின் உலகத்தில் எவரும் உயிருள்ள தைலசீனை ஐயத்துக்கிடமின்றிக் கண்டதில்லை. இரவிலே அதன் உறைவிடத்துக்குட் செல்லவிடாமற் கதவு பூட்டிக் கிடந்ததால், குளிரில் வெளியே விடப்பட்டு அது மடிந்தது என்று பெரிதும் நம்பப்படுகிறது.

சட்டம் வந்துவிட்டது, கதவுதான் திறக்கப்படவில்லை. ஓர் இனத்தின் கடைசி உயிர் ஒரு மாலைநேர வேலையிலே தங்கியிருந்தது. தெகிவளையை நமது அரசாங்கம் பொறுப்பேற்ற அதே 1936ஆம் ஆண்டில் இது நிகழ்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நடுங்குகிறது.

இதற்கு மறுதலையான கதையும் உண்டு. அரேபியப் பாலைவனத்தில் ஓரிக்ஸ் எனப்படும் மறிமான் இனம் ஒன்று வாழ்கிறது. வெண்ணிற உடல், நேராக நீண்ட இரு கொம்புகள். மோட்டார் வாகனமும் துப்பாக்கியும் பாலைவனத்துக்கு வந்தபின் அது வேகமாக அழிந்தது. 1960களின் தொடக்கத்தில், பாலைவனத்திற் பிடிக்கப்பட்டவற்றையும் அரபு மன்னர்கள் கொடுத்தவற்றையும் இலண்டன் பூங்கா அளித்ததையும் சேர்த்து ஒன்பது ஓரிக்ஸ்களை அமெரிக்காவின் வறண்ட அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரப் பூங்காவில் வைத்து வளர்த்தனர். 1972இல் காட்டிலிருந்த கடைசி ஓரிக்ஸும் சுடப்பட்டது. ஆனால் இனம் அழியவில்லை. பூங்காவிற் பிறந்தவற்றின் வழித்தோன்றல்கள் 1982இல் ஓமான் நாட்டுப் பாலைவனத்தில் மீண்டும் விடப்பட்டன.

இந்த வெற்றிக்குப் பின்னே பேரேடு ஒன்று இருக்கிறது. நெருங்கிய உறவிலே கூடிப் பிறக்கும் குட்டிகள் நலிந்துவிடும். ஆதலால் எது எதற்குப் பிள்ளை, எதனோடு எதனைச் சேர்க்கலாம் என்று பூங்காக்கள் வம்சாவளி எழுதிவைக்கின்றன. ஐரோப்பியக் காட்டெருமை 1927இல் காட்டிலே அற்றுப்போனபின் இவ்வாறு ஏடெழுதிக் காப்பாற்றப்பட்டது. இன்றுள்ள அவ்வின விலங்குகள் யாவும் பன்னிரண்டே முன்னோர்களின் சந்ததி. நம்மவர் கல்யாணத்துக்குச் சாதகம் பார்ப்பதிலும் பன்மடங்கு கவனம் இதற்கு வேண்டும்.

ஆனாற் பூங்காவினால் இயலாததும் ஒன்றுண்டு. ஓமானில் விடப்பட்ட ஓரிக்ஸ்கள் 1996இல் 450 வரை பெருகின. கள்ள வேட்டைக்காரர் மறுபடியும் வந்தனர். 2007இல் அவை 65 ஆகக் குறைந்தன. சரணாலயத்தின் பரப்பையும் அந்நாட்டு அரசாங்கம் பெரிதும் சுருக்கிவிடவே, உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து அவ்விடம் அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. ஏனைய அரபு நாடுகளிலும் பாதுகாப்பு வலுத்ததனால் இனம் தப்பியது. பூங்கா ஒரு பேழை. வெள்ளம் வடிந்தபின் இறங்குவதற்கு நிலம் இல்லையேல் பேழையால் என்ன பயன்?

இரண்டு வழிகள்

நமது நாட்டுக்குத் திரும்புவோம். 1975இல் தாயிழந்த யானைக்கன்றுகளுக்கென வனசீவராசிகள் திணைக்களம் ஓர் இல்லம் தொடங்கியது. அது முதலில் வில்பத்திலும், பின்னர் பெந்தோட்டையிலும், அதன்பின் தெகிவளையிலும் இருந்து, ஈற்றில் மகா ஓயாவின் அருகே பின்னவலையிலுள்ள தென்னந்தோட்டத்துக்குப் பெயர்ந்தது. 1978இல் விலங்கியற் பூங்காவின் பொறுப்பில் வந்தது. 1984இல் அங்கே முதற் கன்று பிறந்தது. கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்த சமா என்னும் பெண்யானைக்கும் அங்கேதான் புகலிடம் கிடைத்தது. நம் யுத்தம் மனிதரின் கால்களை மாத்திரம் பறிக்கவில்லை.

எனினும் பின்னவலையிலுள்ள யானைகள் காட்டுக்குத் திரும்புவதில்லை. மனிதரின் கையிற் பாலுண்டு, மனிதர் நடுவே வளர்ந்த யானைக்குக் காடு அந்நிய தேசமாகிவிடுகிறது. இதனை உணர்ந்தே 1995இல் உடவளவையில் இடைத்தங்கல் இல்லம் ஒன்று வேறு முறையில் அமைக்கப்பட்டது. அங்கே மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கன்றுகளுக்குப் புனலும் குழாயும் கொண்டு பாலூட்டுகிறார்கள். பார்வையாளர் தொலைவிலுள்ள மேடையில் நின்று பார்க்கலாம்; தொடமுடியாது. பால் குடித்து முடிந்ததும் கன்றுகள் தம் கூட்டத்தோடு மேயப் போய்விடும். ஏறக்குறைய ஐந்து வயதானதும் கூட்டமாகவே அவற்றைக் காட்டில் விடுகிறார்கள். 1998 தொடக்கம் இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்டவை விடப்பட்டுள்ளன. அவற்றுட் சில காட்டிலே கன்றும் ஈன்றுள்ளன.

அந்த இல்லத்துக் காப்பாளரின் நிலையைச் சற்று எண்ணிப்பாருங்கள். பசியோடு ஓடிவந்து துதிக்கையாற் காலைச் சுற்றிக்கொள்ளும் கன்றைத் தடவிக்கொடுக்கக் கை துடிக்கும். தடவினால் அது மனிதனை நாடும். மனிதனை நாடும் யானை ஊருக்குள் வரும். ஊருக்குள் வரும் யானை சுடப்படும். ஆதலால் பாலை மாத்திரம் கொடுத்துப் பாசத்தை அடக்கிக்கொள்ளவேண்டும். “வளத்ததுக்குப் பேர் வச்சுக் கூப்பிட்டு, அது திரும்பிப் பாக்குறப்ப வர்ற சந்தோசம் இருக்கே, அது நம்ம சந்தோசம் தம்பி, அதோடது இல்ல” என்று என் பெரியவர் சொன்னார். தம்மை மறந்துபோகும்படி ஓர் உயிரை வளர்ப்பதிலும் உயர்ந்த அன்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கன்றுகள் திரும்பிச் செல்லும் காடு எத்தகையது? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நமது தீவிலிருந்த காட்டு யானைகள் 5,879. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 450க்கு மேற்பட்டவை இறந்தன. துப்பாக்கி, முறைகேடான மின்வேலி, புகையிரதம், காய்கனிக்குள் ஒளித்து வைக்கப்படும் ‘ஹக்க பட்டாஸ்’ என்னும் வாய்வெடி ஆகியன அவற்றுட் பலவற்றுக்குக் காரணம். அதே ஆண்டில் 150க்கு மேற்பட்ட மனிதரும் யானைகளால் உயிரிழந்தனர். ஓரிரவில் ஒரு போகத்து நெல்லை இழக்கும் கமக்காரனுக்குக் கருணையைப் போதிப்பது எளிது. அவனது வயலுக்குத் தக்க வேலியும் இழப்புக்கு உரிய ஈடும் கொடுப்பதே கடினம். அக்கடினமான வேலையைச் செய்யாதவரை, உடவளவைக்கு அநாதைக் கன்றுகள் வந்துகொண்டேயிருக்கும்.

நகரத்தில் வாழும் நம்மாலும் ஆவது உண்டு. பூங்காவுக்குச் செல்லும்போது கல்லெறியாதிருக்கலாம். பிளாத்திக்குப் பையை வீசாதிருக்கலாம். மானுக்குப் பாணும் குரங்குக்கு இனிப்பும் கொடுத்துக் காப்பாளர் அளந்து வைத்த உணவைக் குலைக்காதிருக்கலாம். உறங்கும் சிறுத்தையைத் தட்டி எழுப்பாமல், பத்து நிமிடம் பொறுத்து நின்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். பொறுமையோடு பார்க்கக் கற்ற பிள்ளை நாளைக்கு ஒரு காட்டை வெட்டக் கையெழுத்திடுமுன் சற்றுத் தயங்கும் என்பது என் நம்பிக்கை.

நல்ல காப்பாளரின் கையிலே இரண்டு திறவுகோல்கள் இருக்கவேண்டும். ஒன்று, நாள்தோறும் கூண்டைத் திறந்து உள்ளே சென்று ஊட்டிக் கழுவிக் காப்பது. மற்றையது, காலம் வரும்போது உயிரை வெளியே விடுவது. முதலாவதைத் தவறவிட்டமையால் ஹோபார்ட்டிலே ஓர் இனம் முடிந்தது. இரண்டாவதற்குரிய பூட்டு பூங்காவிலே இல்லை. அது நமது வயலோரங்களிலும் கச்சேரிகளிலும் சட்டசபையிலும் தொங்குகிறது. அதனைத் திறக்கும் பொறுப்பை மாதச் சம்பளத்துக்குச் சாணி அள்ளும் ஏழையின் தலையிற் கட்டிவிட்டு நாம் விலகிக்கொள்ளலாகாது.